தூணுக்கு ஒரு சட்டை

எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவே இரண்டு தூண்கள் நிற்கின்றன. தூண்கள் என்று நான் சொல்வது மரியாதைக்காகத்தான். வீடு கட்டிய மேஸ்திரி அவற்றைப் 'பில்லர்' என்றே அழைத்தார். அந்தப் பெயர்தான் அவற்றுக்குப் பொருத்தம். சிமெண்டுப் பூச்சோடு சேர்த்துப் பத்து அங்குலச் சதுரம்; அடியிலிருந்து நுனி வரையில் ஒரே பருமன்; மேலே வெள்ளை வர்ணம். கிரகப்பிரவேசம் ஆன மறுநாள் என் மனைவி கூடத்தின் ஒரு மூலையில் நின்று அவற்றைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிறது" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

என் தாயார் அதுகூடச் சொல்லவில்லை. கொள்ளிடக் கரையிலிருந்த எங்கள் பழைய வீட்டில், மத்தியான வேளைகளில் கூடத்துத் தூண் ஒன்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கீரை ஆய்வது அவளுடைய நெடுநாள் வழக்கம். புது வீட்டிலும் முதல் நாள் பில்லரண்டை போய் உட்கார்ந்தாள். முதுகு பட்டதும், "சில்லென்று இருக்கிறதடா" என்று எழுந்து, சுவரோரத்து நாற்காலிக்குப் போய்விட்டாள். அப்புறம் தூண் பக்கம் வரவேயில்லை.

அந்தப் பழைய வீடு இன்று இல்லை. சகோதரர்கள் மூவருக்கும் அதைப் பங்கிட முடியாமல் இடித்து மனையாக்கினோம். நான்கு வேங்கைத் தூண்களையும் மர வியாபாரி ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ரசீதில் கையெழுத்திட்டவன் நான். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்; உறுத்துகிற கையெழுத்து அது ஒன்றுதான்.

என் கஷ்டத்தைக் கேட்ட சிநேகிதர் ஒருவர் சுலபமான வழி சொன்னார். "காரைக்குடிக்குப் போம். இடித்த வீடுகளின் தேக்குத் தூண்கள் வரிசையாகக் கிடக்கும். ஒன்றை வாங்கி நடுவில் இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, உம்முடைய பில்லருக்குச் சட்டை மாதிரி மாட்டிவிட்டால் போகிறது. நூறு வருஷத்து வீடு என்று வருகிறவர்கள் நினைப்பார்கள்!"

யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஆசாரியாரைத் துணைக்கு அழைத்தேன். அறுபது வயதைத் தாண்டியவர், சுருக்கமாகப் பேசுகிறவர். என்ன வேலை என்று கேட்டுக்கொண்டார். அபிப்பிராயம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, ஒரு துணிப்பையில் நூற்கண்டும் தூக்குக் குண்டும் போட்டுக்கொண்டு ரயிலடிக்கு வந்து சேர்ந்தார்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி செல்லும் ரயில் பாதை, வறண்ட செம்மண் பூமியின் ஊடே போகிறது. முள்ளுக் காடு, கண்மாய், மறுபடியும் முள்ளுக் காடு. திருமயத்தில் பாறைமேல் ஏறி நிற்கும் கோட்டை கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் 'செட்டிநாடு' என்றே பெயர் கொண்ட சிறு ஸ்டேஷன். அங்கே இறங்கிக் கானாடுகாத்தானுக்குப் போனோம். "தூணை விலை பேசுவதற்கு முன், நிற்கிற தூணைப் பார்த்துவிடலாம் ஐயா" என்பது ஆசாரியாரின் யோசனை. அன்று அவர் சொன்ன முதல் அபிப்பிராயமும் அதுதான்.

கானாடுகாத்தான் தெருக்களில் நடப்பவனுக்கு முதலில் தோன்றுவது பிரமிப்பு. அடுத்தபடி தோன்றுவது நிசப்தம். ஒரு தெருவில் வாசற்படி வைத்துத் தொடங்கும் வீடு அடுத்த தெருவில் கொல்லைக் கதவோடு முடிகிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனை 1912-ஆம் வருஷத்தது. அதைப் பின்பற்றியும் அதற்கு முன்பும் பின்பும் எழுந்த வீடுகள் சுற்றுப்புற ஊர்களிலெல்லாம் நிற்கின்றன. தரையில் ஆத்தங்குடிக் கல்; சுவரில் முட்டையின் வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பூச்சு, இன்றும் பளிங்குபோல வழவழக்கிறது. ஆனால் பல வீடுகளின் கதவில் பூட்டுத் தொங்குகிறது. சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வந்து கூடுகிறார்கள்.

பார்வையாளர்களை அனுமதிக்கும் ஒரு வீட்டின் முகப்பில் ஏறினோம். ஆஹா, அந்தத் தூண்கள்! கருங்கல் பீடத்தின்மேல் உருண்டு திரண்டு எழுந்து, மேலே போகப்போக நுட்பமாகச் சிறுத்து, செதுக்கு வேலை செய்த போதிகையைத் தாங்கி நின்றன. போதிகைமேல் உத்தரம், உத்தரத்தின்மேல் வீடு. எல்லாம் பர்மாத் தேக்கு.

இந்த மரம் நடந்து வந்த பாதையை நினைத்துப் பார்க்க வேண்டும். பர்மாக் காட்டில் தேக்கு மரத்தை உடனே வெட்டிச் சாய்ப்பதில்லை. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகையால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருஷம் காயவிடுவார்கள். பிறகு வெட்டி, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, மழைக்கால வெள்ளத்தில் விட்டு, ஐராவதி நதி வழியே ரங்கூனுக்கு மிதக்கவிடுவார்கள். அங்கிருந்து கப்பலேறி இந்தியக் கரைக்கு. நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவில் வட்டித் தொழில் நடத்திய காலத்தில் இப்படி வந்தவைதான் இந்தத் தூண்கள். 1929-இல் தொடங்கிய உலக மந்தம் அந்தத் தொழிலை உலுக்கியது. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தபோது பல்லாயிரக்கணக்கான இந்தியர்கள் கிடைத்த வழியில் ஊர் திரும்பினார்கள். 1948-இல் பர்மா சுதந்திரம் பெற்று, நிலங்களைத் தேசிய உடைமையாக்கும் சட்டமும் கொண்டுவந்தது. மனிதர்கள் அங்கே விட்டுவந்தது ஏராளம். இங்கே மிஞ்சியது இந்த மரம்.

நான் சரித்திரத்தில் ஆழ்ந்திருந்தபோது ஆசாரியார் வேறு காரியத்தில் ஈடுபட்டிருந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துத் தூணின் அடியில் சுற்றினார். இரு முனைகளும் சந்தித்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டார். பிறகு அதே துண்டைத் தம் தலைக்கு நேராகத் தூணில் சுற்றினார். இப்போது பிடித்த இடத்துக்கு மேல் மூன்று விரற்கடை துணி மிஞ்சிற்று.

"பார்த்தீர்களா ஐயா? மேலே போகப்போக இளைக்கிறது."

"அழகுக்காகவா?"

"அழகு அப்புறம். மரம் அப்படித்தானே வளர்கிறது? அடி பருத்து, நுனி சிறுத்து. வளர்ந்தபடியே நட வேண்டும்; வேர்ப் பக்கம் கீழே, தலைப் பக்கம் மேலே. தலைகீழாக நட்டால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். ஆகுமோ ஆகாதோ, கண்ணுக்கு ஆகாது."

கண்ணுக்கு ஆகாது என்பது உண்மை. எங்கள் பில்லர் ஏன் உயிரற்றுத் தோன்றுகிறது என்பது எனக்கு அங்கே விளங்கிற்று. அது எந்த மரத்தையும் நினைவூட்டவில்லை.

மத்தியானம் காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனோம். பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன தெரு அது. பித்தளைத் தூக்கு, பீங்கான் ஜாடி, ரவிவர்மா படம், ஐந்தடுக்குத் தகர டப்பா, கல்யாணப் பெட்டி என்று ஒரு குடித்தனத்தின் சகல சாமான்களும் அங்கே மறு எஜமானருக்காகக் காத்திருக்கின்றன. ஒரு கடையின் பின்கட்டில், தகரக் கொட்டகையின் கீழ், தூண்கள் படுத்துக் கிடந்தன.

கடைக்காரர் மரியாதையான மனிதர். என் தேவையைச் சொன்னதும், "தாராளமாகச் செய்யலாம். இப்பொழுது நிறையப் பேர் கேட்கிறார்கள்" என்றார். ஆசாரியார் நூலை எடுத்து முதல் தூணின் அடியைச் சுற்றி அளந்தார். முப்பத்தெட்டு அங்குலம், அதாவது குறுக்களவு பன்னிரண்டு.

"உள்ளே நுழையாதே ஐயா" என்றார்.

"ஏன்? பில்லர் பத்து அங்குலந்தானே?"

"பக்கம் பத்து. மூலைக்கு மூலை?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பதினைந்து வருஷமாக மாணாக்கர்களுக்குப் பித்தகோரஸ் தேற்றத்தைச் சொல்லிக் கொடுத்து வருகிறவன் நான். பத்து அங்குலச் சதுரத்தின் மூலைவிட்டம் பதினாலு அங்குலத்துக்கும் சற்று அதிகம். பன்னிரண்டு அங்குல உருளைக்குள் அது எப்படிப் புகும்?

"பில்லரின் மூலைகளைக் கொத்தி உருட்டிவிடலாமே" என்றார் கடைக்காரர்.

இதற்கு மட்டும் நானே பதில் சொன்னேன். கான்கிரீட் தூணின் பளுவைத் தாங்கும் கம்பிகள் நான்கு மூலைகளிலும் ஒன்றரை அங்குல ஆழத்திலேதான் இருக்கின்றன. மூலையைக் கொத்தினால் கம்பிக்குக் காற்றும் ஈரமும் எட்டும், துரு ஏறும், துரு ஏறிய கம்பி உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். வேஷத்துக்காக எலும்பைச் செதுக்குவது போலாகும் அது. நேயர்களில் யாருக்காவது இப்படி யோசனை சொல்லப்பட்டால், தயவுசெய்து செவி கொடுக்க வேண்டாம்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே எங்களைக் கொட்டகையின் கோடிக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு ஜோடி தனியே கிடந்தது. ஆசாரியாரின் நூல் அடியில் ஐம்பத்தாறு அங்குலமும் நுனியில் ஐம்பதும் காட்டிற்று. பதினாலங்குல மூலைவிட்டத்தை விழுங்கிய பிறகும் முக்கால் அங்குல ஓடு மிஞ்சும். கணக்குச் சரியாகிவிட்டது. விலையும், கையிலிருந்த பணத்துக்குச் சற்று மேலே போனாலும், எட்டாத விலை அல்ல.

தூணைப் புரட்டச் சொன்னேன். புரட்டினார்கள். அடியிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை இருந்தது. தொட்டுப் பார்த்தேன், அந்த இடம் மட்டும் மற்ற பாகத்தைவிட வழவழப்பாக இருந்தது. எண்ணெய்க் கறை. தலைக்கு எண்ணெய் தடவிய யாரோ ஒருவர், தினந்தோறும், எத்தனையோ வருஷம், அந்த இடத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் வீட்டு வேங்கைத் தூணிலும் அதே உயரத்தில் அப்படி ஒரு கறை உண்டு. அது என் தாயாருடையது.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு கடைக்காரர், என் மனத்தைப் படித்தவர் போல, "நாங்கள் எடுக்காவிட்டால் இது விறகுக்குப் போகும், சார்" என்றார். அதில் நியாயம் இருந்தது. பங்காளிகள் இருபது பேருக்குப் பாத்தியமான வீட்டை ஓடு மாற்றிப் பராமரிப்பது லேசான காரியமா? இடிக்கிறவரைப் பழிக்க எனக்கு யோக்கியதை ஏது?

ஆசாரியார் மெதுவாகச் சொன்னார்: "இதை வாங்கி நட்டு, மேலே உத்தரம் வைக்கிறவர் வாங்கினால் இது தூண். நாம் அறுத்துக் குடைந்தால் தேங்காய் ஓடு. அறுக்கச் சொன்னால் அறுக்கிறேன். பிறகு என்ன வந்தாலும் சேராது, ஐயா."

நாங்கள் வாங்கவில்லை. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு புறப்பட்டோம். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. காப்பி வரவழைத்துக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

திரும்பும் ரயிலில் என் மனம் சமாதானமாக இல்லை. வெறுங்கையோடு போய் மனைவியிடம் என்ன சொல்வது? அப்போதுதான் எப்பொழுதோ படித்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. வங்காளத்துக் குடிசையின் பெயர்தான் 'பங்களா' என்று ஆகி, இங்கிலீஷ்காரர் வாய்வழியே கடல் தாண்டிப் போயிற்று. 1900-க்குப் பிறகு சுமார் முப்பது வருஷ காலம் அமெரிக்காவில் 'பங்களா' என்ற பெயரில் மத்தியதர வகுப்பாருக்காக ஏராளமான சிறு வீடுகள் எழும்பின. அவற்றின் தாழ்வாரத்திலும், முன்னறைக்கும் சாப்பாட்டறைக்கும் இடையிலும், அடி அகன்று நுனி குறுகிய சதுரத் தூண்களை நிறுத்துவது வழக்கம். அவற்றில் பல கனத்த மரமே அல்ல. உள்ளே ஒரு சாதாரணக் கம்பம். சுற்றிலும் நான்கு பலகை. பளுவைக் கம்பம் தாங்கும். பார்வையைப் பலகை தாங்கும்.

இதைச் சொன்னதும் ஆசாரியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெட்டித் தூண்! அதைச் சொல்லுங்கள். அது சட்டை என்று எல்லாருக்கும் தெரியும். சட்டை போடுவதில் பொய் ஒன்றும் இல்லை. மற்றவன் தோலை உரித்துப் போட்டுக்கொள்வதுதான் தப்பு" என்றார். புதுக்கோட்டை வருவதற்குள் என் நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டாகிவிட்டது.

மரம் எங்கே? அதற்கும் விடை வீட்டிலேயே இருந்தது. தூண்களை விற்றபோது, பழைய வீட்டு மச்சின் பலகைகளை வியாபாரி வேண்டாம் என்று தள்ளிவிட்டார், ஆணித்துளை அதிகமாம். அவை என் தமையனார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கிடந்தன. தேக்குதான். ஆசாரியார் ஒவ்வொன்றாய்ச் சுரண்டிப் பார்த்து, வெளுத்த வெளிமரம் உள்ளவற்றைக் கழித்தார். தேக்கின் வைரப் பகுதியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் கறையான் அண்டாது. வெளிமரத்துக்கு அந்தக் காப்பு இல்லை. ஒரு தூணுக்கு, இழைத்து முடித்த கணக்கில், இரண்டரைக் கன அடிக்குச் சற்று மேலே வேண்டியிருந்தது.

நான் போட்ட கணக்கு: அடியில் பதினாறு அங்குலம், நுனியில் பன்னிரண்டு, பலகைக் கனம் முக்கால் அங்குலம். அப்படியானால் பில்லருக்கும் பலகைக்கும் இடையே அடியில் இரண்டேகால் அங்குலமும் நுனியில் கால் அங்குலமும் இடைவெளி இருக்கும். அழகான கணக்கு. ஆசாரியார் தூக்குக் குண்டை மேலிருந்து தொங்கவிட்டார். பில்லர் அரை அங்குலம் சாய்ந்து நின்றது! பயப்பட வேண்டியதில்லை, கட்டடத்துக்கு ஆபத்தில்லை என்று மேஸ்திரி பின்னர் வந்து சொன்னார். ஆனால் என் கால் அங்குலம் அதற்கு எப்படி இடம் கொடுக்கும்? ஆகவே அடி பதினேழு, நுனி பதின்மூன்று என்று மாற்றினோம். இப்போது நுனியில் நாற்புறமும் முக்கால் அங்குலம். சாய்வைக் கழித்தாலும் ஒரு பக்கத்தில் கால் அங்குலம் மிஞ்சும். மரம் வாங்குவதற்கு முன் தூக்குக் குண்டைத் தொங்கவிடு என்பதுதான் இந்த வேலையின் முதற்பாடம்.

பலகையில் சரிவை வரைவதற்கு ஆசாரியார் கோணமானி எதையும் தேடவில்லை. பலகையின் நடுவே சாயம் தோய்ந்த நூலை இழுத்துச் சுண்டி ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு இருபுறமும், அடியில் எட்டரை எட்டரையும் நுனியில் ஆறரை ஆறரையும் புள்ளி வைத்தார். புள்ளிகளை நூலால் சேர்த்தார். ஆயிற்று. எட்டடி உயரத்தில் பக்கத்துக்கு இரண்டு அங்குலச் சரிவு. பலகைகள் சாய்ந்து கூடும் மூலையில் சேர்க்கைக் கோணம் நாற்பத்தைந்து பாகைக்கு எவ்வளவு வித்தியாசப்படும் என்று நான் ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்துக் கண்டுபிடித்தேன்: ஒரு பாகையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. ஆசாரியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இழைப்புளிக்குத் தெரியாது, ஐயா" என்றார்.

பதினேழு அங்குல அகலத்துக்கு ஒரே பலகை கிடையாது. மூன்று துண்டுகளை வரிமாறாமல் சேர்த்து ஒட்டினார். பில்லரில் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் ரீப்பர் கட்டைகளைச் சுற்றி அடித்தார். இடைவெளிக்குத் தக்கபடி கீழ்க்கட்டை தடித்தும் மேல்கட்டை மெலிந்தும் இருந்தது. சாய்வும் அங்கேயே சரிக்கட்டப்பட்டது. மூன்று பலகைகளைத் தரையிலேயே பூட்டி, திறந்த வாயோடு தூணில் மாட்டி, நான்காவதைக் கடைசியில் வைத்து மூடினார். மரம் நீளவாட்டில் அசையாது. குறுக்கே மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். ஆகையால் பலகையைக் கட்டையோடு ஒட்டாமல், நீள்துளையில் திருகு போட்டார். அடியில் பலகை தரையைத் தொடாதபடி நான்கு அங்குலக் கருங்கல் பீடம், இரண்டு பாதியாக வெட்டி வைத்தோம்; கூடம் கழுவும் தண்ணீர் அதோடு நின்றுவிடும். ஈரம் உள்ளே தங்காமலிருக்க, மேலும் கீழும் கண்ணுக்குப் படாத காற்றுத் துளைகள். ஆணித்துளைகளில் தேக்கு முளைகளை அடித்து இழைத்தார். அவை புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. தெரியட்டும் என்று விட்டுவிட்டோம். கடைசியில் ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு.

வேலை முடியப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. காரைக்குடித் தூணின் கம்பீரம் இவற்றுக்கு இல்லை. விரலால் தட்டினால் உள்ளே வெறும் பெட்டி என்று ஓசை சொல்லிவிடும். வருகிறவர்களில் ஒருவர் தவறாமல் தட்டிப் பார்க்கிறார். நானும் ஒளிக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி, "இப்பொழுது வீடு மாதிரி இருக்கிறது" என்றாள்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை 2014-ஆம் வருஷத்தில் யுனெஸ்கோ சபை தன்னுடைய உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் நல்லதுதான். ஆனால் அந்தத் தூண்களைக் காப்பதற்கு நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தூணாக நட்டு வைக்க முடியுமானால் வாங்குவது. அறுத்துப் போர்த்துவதற்காக வாங்காமலிருப்பது. கேட்பவர் குறைந்தால் அறுப்பதும் குறையும்.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, என் தாயார் இடப்பக்கத்துத் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் தலை நிமிரவில்லை. நேற்று என் மனைவி அந்தத் தூணைத் துடைத்துக்கொண்டே, "இங்கே பாருங்கள், புது மரத்தில் எண்ணெய் இறங்குகிறது. ஏதாவது போட்டுத் தேய்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றேன்.